பேட்டரியைக் குடித்தது யார்?



மகள் வீட்டில் ஐந்தரை மாதம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஊர் திரும்பினேன். "இங்கிலாந்துல என்ன பாத்தீங்க டீச்சர்?" என்று பலரும் கேட்கிறீர்கள். தேம்ஸ் நதியைப் பார்த்தேன், பனி பெய்வதைப் பார்த்தேன். ஆனால் அங்கே நான் அதிகம் பார்த்தது, வாசலில் நின்ற ஒரு வண்டியின் பேட்டரியைத்தான். பதிவு கொஞ்சம் நீளம். கணக்கும் வரும். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

மகள் குடும்பம் இருப்பது லெஸ்டர் நகரத்தில். இரண்டாவது குழந்தை பிறந்ததால் ஒத்தாசைக்குப் போனேன். பெரியவனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு குறைவு. எல்லாம் அதனதன் இடத்தில், அதனதன் நேரத்தில் நடக்க வேண்டும். புது இடம் என்றால் தூங்க மாட்டான். ஓட்டலில் ரூம் போட்டுவிட்டு, இரவு இரண்டு மணிக்குக் காலி செய்துகொண்டு வீடு திரும்பியிருக்கிறார்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை.

அதனால்தான் மாப்பிள்ளை, யாரோ பயன்படுத்திய மோட்டார் ஹோம் ஒன்றைக் கடன் போட்டு வாங்கினார். நம் ஊர் டெம்போ டிராவலர் அளவு இருக்கும். உள்ளே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் பேரனுக்கு அதே படுக்கை, அதே போர்வை, தலைமாட்டில் அதே குட்டி விளக்கு. வேல்ஸ் கடற்கரையில் நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினான் என்று மகள் சொன்னபோது அவள் குரல் தழுதழுத்தது. பணக்காரத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குடும்பம் வெளியே போக அது ஒன்றுதான் வழி.

அக்டோபர் முடிந்தால் மார்ச் வரை வண்டி வாசலில்தான் நிற்கும். ஆனாலும் பேரன் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு, போர்வையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் போவான். கதவுக்கு மேலே இருக்கும் மெயின் சுவிட்சை அமுக்குவான். தன் படுக்கையில் ஏறி, குட்டி விளக்கைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருப்பான். பள்ளியின் இரைச்சல் எல்லாம் அங்கேதான் அவனை விட்டு இறங்கும். பிறகு விளக்கை அணைத்து, மெயின் சுவிட்சை அணைத்து, கதவை மூடிவிட்டு வந்து சாப்பிடுவான்.

என் வகுப்பிலும் இப்படி ஒரு பையன் இருந்தான். தொண்ணூறுகளில். ஜன்னலோரம் மூன்றாவது இடம்தான் வேண்டும். வேறு எங்கே உட்கார வைத்தாலும் எழுந்து வந்துவிடுவான். ஆட்டிசம் என்ற சொல் அப்போது எங்கள் ஒன்றியப் பள்ளி வரைக்கும் வரவில்லை. அந்த இடத்தை அவனுக்கே கொடுத்துவிட்டேன், ஐந்தாம் வகுப்பு முடியும் வரை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நவம்பர் நடுவில் ஒரு நாள் விளக்கு எரியவில்லை. பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. அதற்கு முந்தைய இரண்டு குளிர்காலத்திலும் இதே கதைதானாம். ஒவ்வொரு முறையும் கடையில் "இது செத்துப்போச்சு, புதுசு போடுங்க" என்று சொல்ல, நூறு பவுண்டுக்கு மேல் கொடுத்து மாற்றியிருக்கிறார். மாப்பிள்ளை நல்ல மனிதர். மருத்துவமனையில் மாறி மாறி ஷிப்ட் வேலை. கைக்குழந்தையால் இரவுத் தூக்கமும் இல்லை. அந்தக் களைப்பில் சொல்லிவிட்டார்: "தெனமும் இவன் லைட்டப் போட்டுப் போட்டுத்தான் பேட்டரி போகுது. மார்ச் வரைக்கும் வண்டியப் பூட்டி வச்சிடலாம்."

பூட்டினார்.

மறுநாள் ஐந்து மணிக்குப் பிள்ளை ஷூ மாட்டிக்கொண்டு, போர்வையோடு கதவருகே வந்து நின்றான். அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். கைப்பிடியை இழுத்துப் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான். அழவில்லை. அப்படியே நின்றான். அதற்கடுத்த நாளும் நின்றான். மூன்றாம் நாளிலிருந்து சாப்பாடு குறைந்தது, தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்தான்.

முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். ஒரு பிள்ளை மேல் குற்றம் சொன்னால் முதலில் விசாரிப்பதுதான் வழக்கம். இந்தப் பிள்ளைக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாயும் இல்லை. அன்றிரவு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2012 மின்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? அந்த வருடம் வாங்கிய இன்வெர்ட்டர்தான் எனக்குப் பேட்டரி வாத்தியார். நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு அறிவியலும் எடுத்திருக்கிறேன். அம்மீட்டர் தொடர் இணைப்பில், வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்தது.

அந்தக் குட்டி விளக்கு எல்.இ.டி. மூன்று வாட். பேட்டரி பன்னிரண்டு வோல்ட். மூன்றைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.25 ஆம்பியர். அரை மணி நேரம் எரித்தால் 0.125 ஆம்பியர்-மணி. அவ்வளவுதான் அவன் ஒரு நாள் செலவு. பேட்டரி 100 ஆம்பியர்-மணி. ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருப்பதுதான் அதன் ஆயுளுக்கு நல்லது. ஆகவே 50 என்று வைத்துக்கொள்வோம். இவன் ஒருவனே அதைத் தீர்க்க 400 நாள் எரிக்க வேண்டும்! இரண்டே வாரத்தில் தீர்ந்திருக்கிறது என்றால் வேறு யாரோ குடிக்கிறார்கள்.

காலையில் டீ கொடுத்துக்கொண்டே நோட்டைக் காட்டினேன். மாப்பிள்ளை இரண்டு முறை படித்தார். "அப்ப யாரு அத்தை எடுக்கிறது?" என்றார். "அளந்து பாத்துடலாம் தம்பி" என்றேன். அவர் கருவிப் பெட்டியில் மல்டிமீட்டர் ஒன்று பிரிக்காமலே கிடந்தது.

அளப்பதற்கு முன் இந்த வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் ஹோமில் பேட்டரி இரண்டு. என்ஜினைக் கிளப்புவது ஒன்று. அதில் தகடுகள் மெல்லியவை. சில நொடிக்குப் பெரிய மின்னோட்டம் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். வீட்டுப் பகுதிக்கு, அதாவது விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டர் விசிறி இவற்றுக்கு, இன்னொன்று. அதை அங்கே லெஷர் பேட்டரி என்கிறார்கள். தடித்த தகடு, நிதானமாகக் கொடுக்கும். நம் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரனின் விளக்கு இந்த இரண்டாவதில்தான் எரிகிறது.

முதலில் கேபிள் இழுத்து ஒரு முழு நாள் சார்ஜ் செய்தோம். பிறகு சார்ஜரை எடுத்துவிட்டு ஓர் இரவு சும்மா விட்டோம். சார்ஜர் எடுத்த கையோடு அளந்தால் எந்தப் பேட்டரியும் நல்ல பிள்ளை மாதிரி பொய் சொல்லும். சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தால்தான் உண்மை தெரியும். 12.7 வோல்ட் காட்டினால் முழுசு. 12.4 என்றால் முக்கால் வாசி. 12.2 பாதி. 12-க்குக் கீழே போனால் ஆபத்து. எங்களுக்கு 12.5 வந்தது. பட்டினி கிடந்த உடம்பு, முழுத் தெம்பு திரும்பவில்லை. ஆனால் சாகவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அளக்க இறங்கினோம். "அம்மா, மொதல்ல வளையலக் கழட்டுங்க" என்று மகள் சத்தம் போட்டாள். சரியான பேச்சு. பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் தங்க வளையலோ மோதிரமோ இரண்டு முனைக்கும் குறுக்கே பட்டால் நொடியில் பழுத்துவிடும், கை வெந்துபோகும். கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட்டேன்.

வண்டியில் எல்லாவற்றையும் அணைத்தோம். மெயின் சுவிட்சையும் அணைத்தோம். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடர் இணைப்பாக வைத்தோம். முதலில் 0.4 காட்டியது. அவசரப்படக் கூடாது. வயரைக் கழற்றி மாட்டினால் உள்ளே இருக்கும் மின்னணுச் சாமான்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். இருபது நிமிடம் காத்திருந்தோம். 0.16-ல் நின்றது.

எல்லாம் அணைத்த பிறகும் 0.16 ஆம்பியர். அதை 24 மணி நேரத்தால் பெருக்குங்கள். 3.84. பேரன் ஒரு மாதம் முழுக்கத் தினமும் விளக்கு எரித்தால் ஆகும் செலவு 3.75. அதாவது பிள்ளை ஒரு மாதத்தில் செலவழிப்பதைவிட அதிகமாக இந்த வண்டி சும்மா நின்றுகொண்டே ஒரே நாளில் குடிக்கிறது. 50-ஐ 3.84-ஆல் வகுத்தால் பதிமூன்று நாள். இரண்டு வாரக் கணக்கு சரியாக வந்துவிட்டது.

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னேன். அவர் பிடுங்க, நான் நோட்டில் எழுதினேன். தண்ணீர் பம்பு ஃபியூஸ்: மீட்டர் அசையவில்லை. அடுத்து விளக்குகளுக்கான ஃபியூஸ். மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுத்தான் அதைப் பிடுங்கினார். 0.16 அப்படியே நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்ததைப் பிடுங்கினார். சட்டென்று 0.09-க்கு இறங்கியது.

அந்த வயர் எங்கே போகிறது என்று தேடினோம். துணி அலமாரிக்குள், மேல் மூலையில், டி.வி. ஆன்டெனாவுக்கான பூஸ்டர் டப்பா. அதில் கடுகு மாதிரி ஒரு பச்சை விளக்கு. முன்பு வண்டி வைத்திருந்த யாரோ அதை மெயின் சுவிட்சைத் தாண்டி நேராக இணைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக இரவு பகலாக அது எரிந்திருக்கிறது. அந்த வண்டியில் டி.வி.யே கிடையாது!

அடுத்து பாட்டுப் பெட்டி: இன்னொரு 0.03. அதற்கடுத்து திருட்டு அலாரம். அதைப் பிடுங்கியதும் சைரன் அலறி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்த தெருவே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. அலாரத்தையும் வண்டி இருக்குமிடம் காட்டும் கருவியையும் விட்டுவைப்பது என்று முடிவு செய்தோம். அங்கேயும் வண்டித் திருட்டு உண்டு. பூஸ்டரும் பாட்டுப் பெட்டியும் போனதும் மிச்சம் 0.06. இப்போது அதே பேட்டரி ஐந்து வாரம் தாங்கும்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தவர் மாப்பிள்ளைதான். பையன் அவரைத் தாண்டிக்கொண்டு ஏறி, சுவிட்சை அமுக்கிவிட்டுத் தன் படுக்கைக்குப் போய்விட்டான். இவர் படியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அந்தக் குளிரில்.

கூரையில் சோலார் தகடு இருக்கிறதே, அது போதாதா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. லெஸ்டர் கிட்டத்தட்ட 52.6 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் நண்பகல் சூரியனே அடிவானத்துக்கு 14 பாகைதான் மேலே நிற்கும். அதே நாளில் நம் திருச்சியில் 55 பாகைக்கு மேல். படுக்க வைத்த தகட்டில் அந்தச் சாய்ந்த வெயில் வழுக்கிக்கொண்டு போகும். பகலே எட்டு மணி நேரம் முழுசாக இல்லை, அதிலும் பாதி நாள் மேகம். போதாததற்கு வீட்டுக்கு வடக்குப் பக்கம் வண்டி நிற்கிறது. டிசம்பர் முழுக்க வெயில் வீட்டுக் கூரையைத் தாண்டி வரவே இல்லை. 100 வாட் என்று தகட்டின் முதுகில் எழுதியிருப்பது அதற்குத் தெரியாது போல. இன்னொன்று, பல வண்டிகளில் சோலார் லெஷர் பேட்டரியை மட்டும்தான் நிரப்பும். என்ஜின் பேட்டரிக்கு ஒன்றும் போகாது. இவர்கள் வண்டியும் அந்த ரகம்.

சைரன் சத்தத்தில் வெளியே வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு யோசனை சொன்னார். வாரம் ஒரு முறை என்ஜினைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதுமாம். நம் ஊரிலும் நிறையப் பேர் இதைச் செய்கிறோம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இறங்கிய பேட்டரி நிரம்ப மணிக்கணக்கில் ஆகும். கடைசிக் கால்வாசி இருக்கிறதே, அது ரொம்பவே மெதுவாக ஏறும். குளிரில் இன்னும் மெதுவு. பத்து நிமிடத்தில் என்ன ஏறிவிடும்? என்ஜினும் முழுச் சூடு ஏறாததால் புகைக் குழாயிலும் ஆயிலிலும் ஈரம் தங்கும். கிளப்பினால் ஒரு மணி நேரமாவது சாலையில் ஓட்டிவிட்டு வர வேண்டும். டயருக்கும் அதுதான் நல்லது. பெரியவரிடம் என் இங்கிலீஷில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் ஒத்துக்கொண்டாரா இல்லையா தெரியாது, சிரித்துக்கொண்டே போனார்.

நாங்கள் வைத்துக்கொண்ட முறை எளிது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பையன் பள்ளிக்குப் போனதும் வீட்டுப் பிளக்கிலிருந்து கேபிள் இழுப்பது, சாயங்காலம் கழற்றுவது, தேவைப்பட்டால் மறுநாளும் போடுவது. கேபிள் சுருளை முழுக்கப் பிரித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும், சுருளிலேயே இருந்தால் சூடேறும். வண்டியில் இருந்த சார்ஜர் பழசு, நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும் வகை. அதனால் நாள் கணக்கில் மாட்டி வைக்கவில்லை. புது ரகச் சார்ஜர்கள் முதலில் 14.4 வோல்ட் பக்கம் ஏற்றி நிரப்பிவிட்டு, பிறகு 13.6 வாக்கில் இறங்கிக் காவல் மட்டும் காக்கும். அது இருந்தால் குளிர்காலம் முழுக்க மாட்டியே வைக்கலாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அது வண்டிக்கு வெளியே போகிற குழாய் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். பிள்ளை படுக்கிற இடமாயிற்றே. என்ஜின் பேட்டரி முன்னிருக்கையின் காலடித் தரையில், ஒரு மூடிக்குக் கீழே இருந்தது. அதற்குத் தனியாக ஒரு சின்னச் சார்ஜர் வாங்கி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை போட்டோம்.

இறங்கிய பேட்டரியை ஏன் அப்படியே விடக்கூடாது என்பதை நம் சமையலறையில் பார்க்கலாம். மாவரைத்த பாத்திரத்தை உடனே கழுவினால் தண்ணீரிலேயே போய்விடும். இரண்டு நாள் காயவிட்டால் கரண்டியால் சுரண்ட வேண்டும். மின்சாரம் வெளியேறும்போது தகட்டில் ஈய சல்பேட் படிகிறது. சீக்கிரம் சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிப்போகும், பிறகு எந்தச் சார்ஜராலும் முழுக்கக் கரைக்க முடியாது. பேட்டரி சாவது பெரும்பாலும் இப்படித்தான். குளிர் தேசத்தில் இன்னொரு பயமும் உண்டு. நிறைந்த பேட்டரிக்குள் அமிலம் கெட்டியாக இருப்பதால் அங்கத்திய குளிரில் உறையாது. இறங்கியதில் ஏறக்குறைய தண்ணீர்தான். பூச்சியத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து டப்பாவைப் பிளந்துவிடலாம். லித்தியம் பேட்டரிக்கு இந்தப் பாடம் எதுவும் பொருந்தாது. அதைப் பாதி சார்ஜில் கழற்றி வைப்பதே நல்லது. பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜும் ஏற்றக் கூடாது.

ஜனவரியில் ஒன்று நடந்தது. கதவுக்கு மேலே இருக்கும் பலகையில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் எத்தனை வோல்ட் என்று காட்டும். நான் தினமும் சாயங்காலம் அதை அமுக்கி, தமிழில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதுவேன். வகுப்பறைப் பழக்கம். ஒரு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் வண்டிக்குப் போகத் தாமதமாகிவிட்டது. உள்ளேயிருந்து குரல் வருகிறது: "பன்னெண்டு புள்ளி நாலு." மகள் சமையலறையில் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள். அவன் எங்களைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்து இன்னொரு முறை சொன்னான். அன்றிலிருந்து எண் சொல்வது அவன் வேலை, எழுதுவது என் வேலை. 12.3 வந்தால் "கேபிள்" என்பான். இரண்டு வாரக் கணக்கு அதோடு ஒழிந்தது. அவன் கேபிள் என்றால் மறுநாள் காலை கேபிள்தான்.

இதைப் படிக்கிற நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதம் பிள்ளைகளிடம் போகிறோம். கார் ஷெட்டில் நிற்கிறது, இன்வெர்ட்டர் சுவரோரம் நிற்கிறது. கிளம்பும் முன் காரை ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு, பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். கார் சாவியில் ரிமோட் மட்டுமே பழக்கம் என்றால் கதவைச் சாவியால் திறக்கத் தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்த்து ஊற்றி, முழுக்க சார்ஜ் ஏற்றி, அணைத்து, பேட்டரி வயரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். நம் ஊர் வெக்கையில் பேட்டரி சும்மா இருந்தாலே, குளிர் தேசத்தைவிட வேகமாக இறங்கும். நம்பிக்கையான ஆள் யாராவது இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து சார்ஜ் போட்டுவிட்டுப் போகச் சொல்லலாம். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் தம்பியிடம் சாவி கொடுத்துவிட்டுத்தான் போனேன். வந்த அன்றைக்கே கரண்ட் போனது. ஃபேன் நிற்கவில்லை.